மகுடம் இருந்த இடத்தில் யார் நிற்பது?

கரோல்பாக், ஆர்.கே. புரம், மயூர் விஹார் என்று டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடங்களில் மன்னரை விட்டுக் குடியரசாவது பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி வருகிறது. பிள்ளைகளில் ஒருவர் டொராண்டோவில் இருப்பார், இன்னொருவர் மெல்போர்னில். கனடாவில் குடியுரிமை பெறுகிறவர் மன்னர் மூன்றாம் சார்லஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பதாக உறுதி சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1994 முதல் அந்த உறுதிமொழியில் மன்னரின் பெயரே கிடையாது. ஆனால் அந்த நாட்டுக்கும் மன்னர் இதே சார்லஸ்தான். பிரிட்டனையும் சேர்த்து 15 நாடுகளுக்கு அவர் மன்னர். "நாம 1950லயே முடிச்சுட்டோமே, இவங்க இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டே இருக்காங்க?" என்று மத்திய செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மன்னர் வேண்டுமா வேண்டாமா என்பது இந்த விவாதத்தின் எளிய பாதி. சட்டத்தில் அவர் எங்கெல்லாம் நிற்கிறாரோ அங்கெல்லாம் இனி யார் நிற்பது, அவரை யார் தேர்ந்தெடுப்பது, யார் கட்டுப்படுத்துவது என்பதுதான் கடினமான பாதி. முதல் பாதியில் மக்களின் மனம் கனிந்திருந்தும் இரண்டாம் பாதியில் தோற்ற நாடுகள் உண்டு. இரண்டாம் பாதியைப் பெரும்பான்மை இனம் தன் விருப்பப்படி எழுதிக்கொண்ட நாடும் உண்டு. அங்கே அதன் விலையைக் கொடுத்தவர்கள் தமிழர்கள்.

முதலில் நாம் "முடித்த" கதை. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் இந்தியாவின் மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான். இந்தியா அப்போது ஒரு டொமினியன், அதாவது மன்னரைத் தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடு. இந்தியப் பேரரசர் என்ற பட்டத்தை அவர் முறைப்படி கைவிட்டது 1948 ஜூனில். அதே மாதம் 21-ம் தேதி மவுண்ட்பேட்டன் இடத்துக்கு ராஜாஜி வந்தார். ரைசினா குன்றின் மாளிகையில் மன்னரின் பிரதிநிதியாகக் கடைசியாக உட்கார்ந்தவர் ஒரு தமிழர். 1950 ஜனவரி 26 காலை, அந்த மாளிகையின் தர்பார் மண்டபத்தில் இந்தியா குடியரசாகிவிட்டது என்ற பிரகடனத்தை அவரே வாசித்தார். பிறகு தலைமை நீதிபதி ஹரிலால் கானியா முன்னிலையில் ராஜேந்திர பிரசாத் பதவிப் பிரமாணம் எடுத்தார். சில நிமிடச் சடங்கு. அதற்குப் பின்னால் மூன்றாண்டு எழுத்து வேலை இருந்தது.

அந்த எழுத்து வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் அரசியலமைப்பைப் பின்னாலிருந்து புரட்ட வேண்டும். கடைசிப் பிரிவான 395, 1947-ன் இந்திய சுதந்திரச் சட்டத்தையும் 1935-ன் இந்திய அரசுச் சட்டத்தையும் ரத்து செய்கிறது. இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தியிருந்தால், அந்த அதிகாரத்தின் கீழ் இயங்கிக்கொண்டிருந்த எல்லாமே அடுத்த நாள் காலை அந்தரத்தில் நின்றிருக்கும். அதனால்தான் 372-ம் பிரிவு: பழைய சட்டங்கள் மாற்றப்படும்வரை தொடரும், புதிய அமைப்புக்கு ஏற்ப அவற்றின் சொற்களைத் திருத்தும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. அரசுப் பணிகளுக்காக மன்னரின் பெயரில் இருந்த சொத்துகளை 294-ம் பிரிவு ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. ஃபெடரல் கோர்ட் நீதிபதிகளை உச்ச நீதிமன்ற நீதிபதிகளாக்கியது 374. பேரரசின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய்க்கொண்டிருந்த மேல்முறையீடுகளைத் தனிச் சட்டம் போட்டு 1949 அக்டோபர் 10-லேயே நிறுத்திவிட்டார்கள். எதிர்பாராத சிக்கல் வந்தால் ஆணை மூலம் சரிசெய்ய 392.

இவற்றில் அதிகம் பேசப்படாத 394-ம் பிரிவு எனக்கு மிகப் பிடித்தது. அரசியலமைப்பு முழுவதும் ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்தாலும், 5 முதல் 9 வரை, 60, 324, 380 உள்ளிட்ட சில பிரிவுகள் மட்டும் 1949 நவம்பர் 26-லேயே உயிர் பெற்றன. காரணம் நடைமுறை சார்ந்தது. குடியரசுத் தலைவர் எடுக்க வேண்டிய பிரமாணம் 60-ல் இருக்கிறது. அந்த முதல் தலைவரை அரசியல் நிர்ணய சபையே தேர்ந்தெடுக்கும் வழி 380-ல் இருந்தது. தேர்தல் ஆணையம் 324-ல். இந்தப் பிரிவுகளும் ஜனவரி 26 அன்றுதான் சட்டமாகும் என்றால், அன்று காலை பிரமாணம் எடுக்க இரண்டு நாள் முன்பே ஒருவரைத் தேர்ந்தெடுத்தது எந்தச் சட்டப்படி என்ற கேள்வி வரும். மன்னராட்சிக்கும் குடியரசுக்கும் நடுவே ஒரு நொடிகூடத் தலைமை காலியாக இருக்கக்கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு நாடு குடியரசு மசோதா கொண்டுவந்தால் நான் முதலில் தேடுவது இந்த இடைக்காலப் பிரிவுகளைத்தான். வரைவாளர்கள் வேலையை முடித்தார்களா, அரசியல்வாதிகள் மேடைக்காக எழுதினார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

சிலைகளும் பெயர்களும் காத்திருக்கலாம். இந்தியா கேட் மண்டபத்தின் கீழ் ஐந்தாம் ஜார்ஜ் சிலை குடியரசான பிறகும் 1968 வரை அங்கேயே நின்றது. இப்போது வடக்கே, 1911 தர்பார் நடந்த கொரோனேஷன் பார்க்கில் இருக்கிறது. அந்த 18 ஆண்டுகளில் நம் குடியரசுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

குடியரசானால் காமன்வெல்த்தை விட்டு வெளியேற வேண்டும் என்று இன்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். 1949 ஏப்ரல் லண்டன் பிரகடனம் இந்தியாவுக்காகவே அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இன்றைய 56 உறுப்பு நாடுகளில் 36 குடியரசுகள். இந்த வாதத்துக்கு இதற்கு மேல் நேரம் கொடுக்க வேண்டியதில்லை.

இனி ஆஸ்திரேலியா. 1999 நவம்பர் 6 வாக்கெடுப்பில் குடியரசுக்கு ஆதரவு 45.13 சதவீதம், எதிர்ப்பு 54.87. ஆறு மாநிலங்களில் ஒன்றில்கூட வெற்றியில்லை. தலைநகர் கான்பெரா வட்டாரம் மட்டும் ஆம் என்றது. அந்த நாட்டு அரசியலமைப்பின் 128-ம் பிரிவுப்படி நாடு முழுவதும் பெரும்பான்மையும் வேண்டும், ஆறில் நான்கு மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். தோற்றதற்குக் காரணம் அரச பக்தி என்று சொல்வது தவறான வாசிப்பு. முன்வைக்கப்பட்ட திட்டத்தில் குடியரசுத் தலைவரை நாடாளுமன்றக் கூட்டுக்கூட்டம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நியமிக்கும். "அரசியல்வாதிகள் தேர்ந்தெடுக்கும் தலைவர் எங்களுக்கு வேண்டாம், நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்" என்ற குடியரசுவாதிகளில் ஒரு பகுதியினரே எதிர்த்து வாக்களித்தார்கள். மன்னராட்சி ஆதரவாளர்களும் நேரடித் தேர்தல் ஆதரவாளர்களும் ஒரே பெட்டியில் "இல்லை" போட்டார்கள்.

அந்தத் திட்டத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. பிரதமர் கையெழுத்திட்ட ஒரே தாளில் தலைவரை உடனடியாக நீக்கலாம். 30 நாளுக்குள் கீழவையின் ஒப்புதல் கேட்க வேண்டும். ஆனால் கீழவை மறுத்தாலும் நீக்கப்பட்டவர் திரும்ப வர முடியாது. நியமிக்க மூன்றில் இரண்டு பங்கு, நீக்க ஒருவரின் கையெழுத்து. பிரதமரைத் தட்டிக்கேட்க வேண்டிய ஒருவரின் பதவி அதே பிரதமரின் கையில் இருந்தால் அந்தப் பதவி எதற்கு?

நம் ஏற்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நேரடித் தேர்தல் வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா வாதாடினார். உண்மை அதிகாரம் இல்லாத பதவிக்கு நாடு முழுவதையும் வாக்குச்சாவடிக்கு அழைப்பது பொருந்தாது என்பது நேரு தரப்பு. முடிவில் வந்தது நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்த வாக்காளர் குழு. எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்புக்குக் கணக்கு இப்படி: மாநிலத்தின் 1971 மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 4,11,99,168-ஐ 234-ஆல் வகுத்து ஆயிரத்தால் வகுத்தால் 176. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 208, டெல்லி எம்.எல்.ஏ.வுக்கு 58. டெல்லிக்கும் புதுச்சேரிக்கும் இந்த உரிமை 1992-ன் 70-வது திருத்தத்தில்தான் வந்தது. எல்லா மாநிலங்களின் கூட்டுத்தொகையும் எம்.பி.க்களின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய சமமாக வரும்படி எம்.பி.யின் மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். 2022-ல் அது 700. எம்.எல்.ஏ.க்கள் தரப்பு 5,43,231, எம்.பி.க்கள் தரப்பு 5,43,200. டெல்லியில் பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சி மாநிலங்களை முழுக்க ஒதுக்கிவிட்டு ஒரு தலைவரை உட்காரவைக்க முடியாதபடி கட்டப்பட்ட கணக்கு இது. கூட்டாட்சி நாடான ஆஸ்திரேலியா தன் மாநிலச் சட்டமன்றங்களை அந்தத் தேர்வில் சேர்க்கவே இல்லை. அது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

நீக்குவதும் இங்கே கடினம். 61-ம் பிரிவுப்படி ஒரு அவையின் நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு அந்த அவையில் வேண்டும். மற்ற அவை விசாரித்து அதே அளவு பெரும்பான்மையில் உறுதி செய்ய வேண்டும்.

ஆனால் நம் ஏற்பாடு குறையற்றது என்று சொல்ல முடியாது. 1975-ம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடாமலேயே, பிரதமர் இந்திரா காந்தியின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலைதான் தெரியும். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று கான்பெராவில் மன்னரின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ஜான் கெர், மக்களவையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் காஃப் விட்லமைப் பதவியிலிருந்து நீக்கினார். ஒரு குடியரசில் தலைவர் எதையும் தடுக்கவில்லை. ஒரு முடியாட்சியில் பிரதிநிதி எல்லை மீறித் தலையிட்டார். இரண்டு இடத்திலும் ஒரே குறை: தலைவர் எப்போது மறுக்கலாம், எப்போது கூடாது என்பது எழுத்தில் இல்லை, மரபில் விடப்பட்டிருந்தது. நாம் 44-வது திருத்தத்தில் அதைக் கொஞ்சம் சரிசெய்தோம். அமைச்சரவை முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடி நிலை அறிவிக்க முடியாது. அமைச்சரவையின் ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். ஆஸ்திரேலியாவில் கெர் பயன்படுத்திய அதிகாரத்தின் எல்லை இன்றும் எழுதப்படாமல் அப்படியே கிடக்கிறது.

இப்போது இலங்கை. குடியரசு என்றாலே முன்னேற்றம் என்று நினைப்பவர்கள் 1972 மே 22-ஐக் கட்டாயம் படிக்க வேண்டும். அதற்கு முன்பு இலங்கையின் மன்னர் எலிசபெத், அரசியலமைப்பு, பிரிட்டிஷ் ஆட்சியின் முடிவில் வந்த சோல்பரி அரசியலமைப்பு. அதில் 29(2) என்றொரு பிரிவு. ஒரு சமூகத்தாருக்கோ மதத்தாருக்கோ, மற்றவர்களுக்கு இல்லாத பாதிப்பை உண்டாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது இந்தக் கேடயம் உடனே உதவவில்லை. ஆனால் வழக்கு நடந்தது. கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசு எழுத்தர், சிங்களத் தேர்வில் தேறவில்லை என்று ஊதிய உயர்வு மறுக்கப்பட்டதால் நீதிமன்றம் போனார். 1964-ல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அந்த மொழிச் சட்டம் 29-ஐ மீறுகிறது என்றது. அரசு ஊழியர் முடியின் மீது, அதாவது மன்னர் பெயரில் இயங்கும் அரசின் மீது, சம்பளத்துக்காக வழக்குப் போட முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1969-ல் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் தீர்மானிக்கும்படி திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. பிரிவி கவுன்சில் மேல்முறையீடு 1971-ல் ஒழிக்கப்பட்டது. 1972-ல் 29-ம் பிரிவே போய்விட்டது.

1970-ல் வென்ற கூட்டணிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடம் இருந்தது. இருக்கும் அரசியலமைப்பைத் திருத்தும் வழியில் அவர்கள் போகவில்லை. பழைய சட்டத்தின் தொடர்ச்சியை வெட்டிக்கொண்டு, அதற்கு வெளியே கொழும்பின் நவரங்கஹல மண்டபத்தில் ஒரு அரசியலமைப்பு அவையைக் கூட்டினார்கள். மன்னரின் வேரை அறுக்கிறோம் என்பது மேடைப் பேச்சு. அந்த வேரோடு சேர்ந்து சிறுபான்மைப் பாதுகாப்பும் அறுந்தது. புதிய சாசனத்தில் புத்த மதத்துக்கு முதன்மை இடம், சிங்களம் ஆட்சிமொழி. அடிப்படை உரிமைகள் அத்தியாயம் ஒன்று இருந்தது, ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் விலக்குகள் மிக அகலமானவை. சட்டம் நிறைவேறிய பிறகு நீதிமன்றம் அதைச் சோதிக்க முடியாது. தேசிய அவசரம் என்று அமைச்சரவை முத்திரை குத்திய மசோதாவை அரசியலமைப்பு நீதிமன்றம் 24 மணி நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டும். தமிழரசுக் கட்சி 1971 ஜூனிலேயே அந்த அவையை விட்டு வெளியேறியிருந்தது. அதன் தலைவர் தந்தை செல்வா 1972 அக்டோபரில் காங்கேசன்துறை நாடாளுமன்ற இடத்தைத் துறந்து, மக்களிடம் நேரடியாகத் தீர்ப்புக் கேட்கிறேன் என்றார். இடைத்தேர்தல் 1975 பிப்ரவரியில்தான் வைக்கப்பட்டது. அவர் பெரும் வெற்றி பெற்றார்.

கவர்னர் ஜெனரலாக இருந்த வில்லியம் கோபல்லாவதான் முதல் ஜனாதிபதியும். நாற்காலியில் ஆள் மாறவில்லை. மாறியது ஒரு சிறுபான்மை சட்டத்தின் முன் நிற்கும் இடம். எந்த நாட்டில் குடியரசு மசோதா வந்தாலும் இந்த உதாரணத்தை முன்னால் வைத்துக் கேட்க வேண்டும்: மன்னரின் பெயரோடு வேறு எந்தப் பாதுகாப்பெல்லாம் சேர்ந்து போகிறது? கனடாவில் பூர்வகுடி மக்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுடைய ஒப்பந்தங்கள் முடியோடு போடப்பட்டவை. அந்தத் தயக்கத்தை அரச மோகம் என்று ஒதுக்குவது அநியாயம்.

செலவு வாதத்தை இரண்டு தரப்பும் விட்டுவிடலாம். பிரிட்டனில் அரசக் குடும்பத்துக்கான அரசு மானியம் 2024-25-ல் 8.63 கோடி பவுண்ட், மறு ஆண்டு 13.21 கோடி. இதில் பாதுகாப்புச் செலவு சேராது. முடியின் பெயரில் உள்ள நிலம், கட்டடங்களான கிரவுன் எஸ்டேட்டின் லாபத்தை மன்னர் நாட்டுக்குக் கொடுக்கிறார் என்பார்கள். அந்தச் சொத்து அவருடைய தனிச் சொத்தே அல்ல. மன்னராட்சி போனாலும் லாபம் கஜானாவுக்குத்தான் வரும். மறுபக்கம், நம் குடியரசுத் தலைவரும் 330 ஏக்கர் வளாகத்தில் 340 அறை மாளிகையில்தான் இருக்கிறார். குடியரசு மலிவு என்று யாரும் வாக்குறுதி தரக்கூடாது.

பணத்தில் உண்மையான ஆபத்து, பதவி இழக்கும் மன்னர்களுக்குத் தரும் நஷ்டஈடு வாக்குறுதியில் இருக்கிறது. நம் சமஸ்தான மன்னர்களுக்கு 291-ம் பிரிவில் மானியம் எழுதிக்கொடுத்தோம், வருமான வரி இல்லாமல். மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்சம், திருவிதாங்கூருக்கு 18 லட்சம். அதை நிறுத்த 1970-ல் கொண்டுவந்த திருத்தம் மாநிலங்களவையில் 149-க்கு 75 என்று வந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கில் பின்னமே குறைந்து தோற்றது. மறுநாளே குடியரசுத் தலைவர் ஆணையால் சமஸ்தான மன்னர்கள் என்ற அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. தேர்தலுக்குப் பிறகு 1971 டிசம்பரில் 26-வது திருத்தம்தான் முடித்துவைத்தது. தலைநகரில் அவர்களுடைய மாளிகைகள் மட்டும் அமைதியாக உருமாறிவிட்டன: பாட்டியாலா ஹவுஸில் நீதிமன்றம், பரோடா ஹவுஸில் வடக்கு ரயில்வே, ஜெய்ப்பூர் ஹவுஸில் நவீன ஓவியக்கூடம்.

நேபாளத்தில் மன்னரை நீக்க 2008 மே 28 அன்று ஒரு வாக்கெடுப்பு போதுமாக இருந்தது, 560-க்கு 4. அந்த இடத்தை நிரப்பும் அரசியலமைப்பு வர 2015 செப்டம்பர் ஆனது. அதற்குப் பிறகும் எந்தப் பிரதமரும் ஐந்தாண்டு முடிக்கவில்லை. 2025 மார்ச்சில் காத்மாண்டு வீதியில் மன்னரைத் திரும்பக் கேட்டு வந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, கோரிக்கை புரியவில்லை. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா அதிகாரத்தைத் தன் கையில் எடுத்து ஓராண்டுக்கு மேல் ஆண்டு காட்டினார். நிலையான ஆட்சி அப்போதும் வரவில்லை.

நடைமுறை எவ்வளவு தூரம் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்குக் கரீபியன் தீவுகளே சாட்சி. பார்படாஸில் அரசியலமைப்பு வாக்கெடுப்பு கேட்கவில்லை. பிரதமர் மியா மோட்லியின் கட்சி 2018-ல் 30 இடங்களையும் வென்றிருந்ததால், 2021 நவம்பர் 30 அன்று காரியம் முடிந்தது. செயின்ட் வின்சென்டில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வாக்கு தேவை. 2009-ல் கிடைத்தது 43 சதவீதம். கனடாவில் 1982 சட்டத்தின் 41-ம் பிரிவுப்படி நாடாளுமன்றமும் பத்து மாகாணங்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். டொராண்டோப் பிள்ளைகள் தம் காலத்தில் அதைப் பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஜமைக்காவில் 2024 டிசம்பரில் மசோதா தாக்கலானது. மன்னர் போக வேண்டும் என்பதில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் சண்டையே இல்லை. சண்டை பிரிவி கவுன்சிலைப் பற்றி. மொரீஷியஸ் 1992-ல் குடியரசான பிறகும் அந்த மேல்முறையீட்டை வைத்திருப்பதுபோல இப்போதைக்கு விட்டுவைக்கலாம் என்பது ஆளுங்கட்சி. மன்னரை அனுப்பும்போதே கரீபியன் நாடுகளின் பொது நீதிமன்றத்துக்கு மாற வேண்டும் என்பது எதிர்க்கட்சி. செனட்டில் 21 பேர். 13 பேர் பிரதமரின் பரிந்துரையில் வருகிறவர்கள், 8 பேர் எதிர்க்கட்சித் தலைவரின் பரிந்துரையில். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 14. எதிர்க்கட்சி பக்கத்திலிருந்து ஒருவராவது கை தூக்காமல், இப்படி ஒரு மசோதாவுக்குச் செனட்டில் தேவையான அந்தப் பெரும்பான்மை கிடைக்காது.